ராசாவுக்குப் பிடித்தவள்

ஏறு தம்பி, ஏறு. தயங்காதே. அந்தச் சாடியை ஓரமா வைச்சுட்டு வைக்கோல் மேல உட்காரு. ஆலிவ் எண்ணெய்தானே? வாசனையே சொல்லுதே. உங்க யவன தேசத்து ஆளுங்க எங்க வந்தாலும் முன்னாடி இந்த வாசனை வந்துடும், ஆளு பின்னாடிதான் வருவான். கோவிச்சுக்காதே, எனக்குப் பிடிச்ச வாசனைதான்.

எங்க போகணும்? ராசா கோட்டைக்கா? நாங்களும் அங்கதான் போறோம். பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம். மாடு ரெண்டும் மனசு வைக்கணும், அவ்வளவுதான்.

முன்னால உட்கார்ந்து ஓட்டுறானே, அவன்கிட்ட ஏதாவது சொல்லணும்னா நீயே சொல்லிக்கோ. நான் பேச மாட்டேன். பதினாலு வருஷமா பேசறதில்லை. இப்போ நான் சொல்றதெல்லாம் உனக்குத்தான் சொல்றேன். அவன் காதுல விழுந்தா விழட்டும். அதுக்காக நான் குரலைத் தாழ்த்திக்கணுமா என்ன?

யாருன்னு கேக்கிறியா? எங்கம்மா வயித்துல எனக்கு முன்னாடி பொறந்தவன். பேரு கெந்தஸ். அந்த உறவைக் கூப்பிட ஒரு வார்த்தை இருக்கு. அதை நான் சொல்றதில்லை.

இதோ என் மணிக்கட்டைப் பாரு. பச்சை குத்தியிருக்கு, தெரியுதா? உங்க ஊர்ல அடிமைக்குத்தான் குத்துவீங்களாமே. எங்க திரேசிய நாட்டுல நேர் எதிர். பெரிய வீட்டுப் பொண்ணுன்னா கையில பச்சை இருக்கணும். என் பேரு துர்சா. முகாபோர் ராசாவோட ரெண்டாவது சம்சாரம். ஆமாப்பா, ராசா சம்சாரம்தான், மாட்டு வண்டியில வர்றேன். ஏன், ராசா சம்சாரத்துக்கு இடுப்பு வலி வரக் கூடாதா? நான் குதிரை ஏறி ஆறு வருஷம் ஆச்சு.

முகாபோர் ராசாவைப் பத்தி உங்க துறைமுகத்துல என்ன சொல்றாங்க? முரடர்னா? நல்லா சொன்னாங்க. அந்த மனுஷன் ராசா ஆன கதை தெரியுமா உனக்கு? அவர் மூணாவது பிள்ளை. ராசா ஆகிறதுக்கு வழியே இல்லை. மூத்தவங்க ரெண்டு பேரும் ஒரு வெள்ளைக் குதிரை யாருக்குன்னு பாறை ஓரத்துல நின்னு கட்டிப் புரண்டாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே பள்ளத்துல விழுந்தாங்க. இவர் அப்போ கொஞ்ச தூரத்துல ஒரு மரத்தடியில படுத்துக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தார். ஆளுங்க வந்து எழுப்பிக் கையில கோலைக் குடுத்தாங்க. "தூங்கி எழுந்தேன் துர்சா, ராசா ஆயிட்டேன்"னு சொல்வார். சொல்லிட்டுச் சிரிப்பார். ஆனா அன்னியிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமே வரலை. கண்ணை மூடினா, எழுந்திருக்கிறப்போ யாரு செத்திருப்பாங்களோன்னு பயம். அதை வெளியில யாருக்கும் சொல்ல மாட்டார். எனக்குத் தெரியும்.

விருந்துன்னா அவர் ஆளே வேற. எங்க வழக்கப்படி ராசாதான் ரொட்டியைப் பிய்ச்சு, கறியைப் பிய்ச்சு, சுத்தி உட்கார்ந்திருக்கிற விருந்தாளிங்களுக்கு வீசிப் போடணும். எங்க ராசா குறி தப்பவே மாட்டார். முப்பதடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவன் மடியில சரியா விழும். ஒரு தடவை உங்க ஊர்த் தூதன் ஒருத்தன் வந்தான், நீளமா ஏதோ பேசிக்கிட்டே இருந்தான். ராசா ஒரு ஆட்டுத் தொடையை வீசினார் பாரு, அவன் கையில இருந்த மது குடிக்கிற கொம்பு பறந்து போச்சு. பேச்சும் நின்னு போச்சு. எனக்கு மட்டும் எப்பவும் எலும்பை ஒட்டின கறிதான் வரும். அதுதானே ருசி. அக்காவுக்கு நல்ல சதைத் துண்டாப் போடுவார், மரியாதைக்கு. எனக்கு எலும்பு. வித்தியாசம் புரியுதில்ல?

அக்கான்னா ராசாவோட மூத்த சம்சாரம். பெந்திசான்னு பேரு. சமவெளித் தலைவரோட பொண்ணு. நூறு குதிரையோட வந்தவ. வாயைத் திறந்தா பல்லு உதிர்ந்துடுமோன்னு பயந்த மாதிரி இருப்பா. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை, அதுல ரெண்டு வார்த்தை "சரி". நாங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதில்லையான்னு கேக்காதே. சக்களத்தியா இருந்துக்கிட்டு சண்டை இல்லாம எப்படி? ஒரு தேன் ஜாடிக்காக மூணு மாசம் முகம் பார்க்காம இருந்திருக்கோம். ஜாடியை எடுத்தது பூனைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பூனை ஜாடியை எப்படித் திறந்துதுன்னு நான் கேக்கலை. அவளும் கேக்கலை. விட்டுட்டோம்.

ஆனா தூக்கம் வரலைன்னா ராசா அக்காகிட்ட போக மாட்டார். என்கிட்டதான் வருவார். "துர்சா, ஏதாவது சொல்லு"ன்னுட்டுப் படுத்துக்குவார். என்ன சொல்றது? எந்த வாத்து எந்தப் புதர்ல முட்டை போடுது, சமையல்காரன் சம்சாரம் ஏன் அம்மா வீட்டுக்குப் போனா, ஊர்க் கொல்லன் ஏன் நொண்டுறான், எது வாயில வருதோ அது. பாதியிலேயே குறட்டை வந்துடும். பதினொரு வருஷத்துல என் கதை எதுக்கும் அந்த மனுஷன் முடிவு கேட்டதே இல்லை. மறுநாள் கேப்பார், "அந்தக் கொல்லன் என்ன ஆனான்?"னு. மறுபடி சொல்வேன். மறுபடி அதே இடத்துல தூங்கிடுவார். இப்போ நீ சொல்லு தம்பி, ஒரு ராசாவுக்கு யாரைப் பிடிச்சிருந்துதுன்னு இதுல ஏதாவது சந்தேகம் இருக்கா?

இருக்காதுன்னுதான் நானும் நினைச்சேன்.

அவர் செத்தது ஒரு குல்லாவால. சிரிக்காதே, நான் மட்டும்தான் சிரிக்கலாம். நாங்க போடுற நரித்தோல் குல்லா இருக்கில்ல, அது காத்துல பறந்துது. குதிரையை விரட்டிக்கிட்டே குனிஞ்சு பிடிக்கப் பார்த்தார். பிடிச்சும் பிடிச்சார். குல்லா கையில, ஆளு தரையில. பக்கத்துல இருந்தது இவன்தான், இதோ வண்டி ஓட்டுறவன். ராசாவோட குதிரைங்களுக்கெல்லாம் இவன்தான் பொறுப்பு. தோள்ல போட்டுத் தூக்கிட்டு வந்தான். கோட்டை வாசலுக்கு வர்றதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

உங்க ஊர்ல புருஷன் செத்தா சம்சாரம் என்ன பண்ணுவா? அழுவா, அவ்வளவுதானா? எங்க மலையில வேற மாதிரி. ராசாவை மூணு நாள் கிடத்தி வைப்போம். அழுகை, விருந்து, குதிரைப் பந்தயம் எல்லாம் நடக்கும். மூணாம் நாள் பெரியவங்க கூடி உட்கார்ந்து, சம்சாரங்கள்ல யாரு மேல ராசா உயிரையே வைச்சிருந்தார்னு விசாரிப்பாங்க. அவளுக்குத் தங்க இலை மாலையைத் தலையில வைச்சு, சமாதி மேட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்க அவளோட பொறந்த வீட்டு ஆம்பளை, ரொம்ப நெருங்கின சொந்தம் யாரோ அவன், ஒரே வெட்டு. அப்புறம் ராசா பக்கத்துலயே படுக்க வைச்சு மண்ணு போட்டு மூடிடுவாங்க.

முகம் ஏன் அப்படிப் போகுது? தண்ணி குடி. அந்தத் தோல் பையில இருக்கு பாரு.

இது பெருமைப்பா! ஊரே வந்து அவ காலைத் தொடும். மிச்சம் இருக்கிறவளுங்களுக்குத்தான் அவமானம். சாகிற வரைக்கும் ஊர் பேசும், "இவளைப் பிடிக்கலை போல"ன்னு. அந்த அவமானத்தைத்தான் நான் பதினாலு வருஷமா சுமக்கிறேன். யாரால? கேளு, சொல்றேன்.

அந்த மூணு நாளும் நான் எவ்வளவு சுறுசுறுப்பா இருந்தேன் தெரியுமா? தலைக்குக் குளிச்சேன், நல்ல துணி எடுத்து வைச்சேன், யார் யார் எனக்குச் சாட்சி சொல்லணும்னு ஒவ்வொருத்தரையும் போய்ப் பார்த்தேன். பொண்ணுக்கு அப்போ அஞ்சு வயசு, ரோலீனா. அவளைச் சமையல்காரன் சம்சாரத்துக்கிட்ட விட்டுட்டேன். அவ "அம்மா எங்க போறே"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. "அப்பாகிட்ட"ன்னு சொன்னேன். "நானும் வர்றேன்"னா. அதுக்கு என்ன சொன்னேன்னு இப்போ ஞாபகம் இல்லை.

அப்போ இவன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்? லாயத்துக்குப் பின்னால உட்கார்ந்து கத்தி தீட்டிக்கிட்டு இருந்தான். மூணு நாளா அதே வேலை. அப்பா அம்மா இல்லாத எனக்குப் பொறந்த வீட்டு ஆம்பளைன்னா இவன் ஒருத்தன்தானே. சோறு திங்கலை. ரெண்டாம் நாள் நான் அந்தப் பக்கம் போனப்போ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டு நின்னான். கத்தி கீழ விழுந்து கிடக்குது. குடிச்சிருந்திருக்கான். வாயில மது வாசனையே இல்லை, அவ்வளவு தந்திரமாக் குடிச்சிருக்கான். நான் அன்பாத்தான் சொன்னேன், "நல்லாத் தீட்டு, எனக்கு வலிக்கக் கூடாது பாரு"ன்னு. சாணைக்கல்லைத் தூக்கி எறிஞ்சுட்டுப் போயிட்டான். பொறாமை. வேற என்ன?

மூணாம் நாள் பெரிய கருவாலி மரத்தடியில சபை கூடிச்சு. மொத்த மலையும் வந்திருந்துது. அக்கா பக்கத்து ஆளுங்க எழுந்து, அவ ஆண் பிள்ளை பெத்தவ, நூறு குதிரை கொண்டு வந்தவன்னாங்க. பெரியவர் அவளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்றே?"ன்னார். "நீங்க சொல்றபடி"ன்னா. அவ்வளவுதான் அவ பேச்சு. அப்புறம் என் முறை. சமையல்காரன் எலும்புக் கறியைப் பத்திச் சொன்னான். காவல்காரன் ராசா தூங்கினது எங்கன்னு சொன்னான். அப்புறம் நானே எழுந்து பேசினேன். பால் கறக்கிற நேரத்துல ஆரம்பிச்சேன், முடிக்கிறப்போ உச்சி வெயில். பெரியவங்க எல்லாரும் தலையாட்டிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டு பேரு கண்ணை மூடிக்கிட்டு ஆட்டினாங்க.

பெரியவர் எழுந்தார். மாலையைக் கையில எடுத்தார். என்னைப் பார்த்து நடந்து வர்றார் தம்பி. என்னைப் பார்த்து! அப்போ இவன் கூட்டத்துல இருந்து எழுந்தான்.

"பெரியவரே, ஒரு சேதி இருக்கு"ன்னான்.

"சொல்லு கெந்தஸ்."

"ராசாவை நான்தான் தூக்கிட்டு வந்தேன். வழியில அவர் ஒண்ணு சொன்னார். மறைக்கக் கூடாது."

"என்ன சொன்னார்?"

"'உன் தங்கச்சியை மட்டும் என்கூட அனுப்பிடாதே. இத்தனை நாளும் அவ பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது தேய்ஞ்சு போச்சு. மண்ணுக்குள்ளேயாவது என்னை நிம்மதியாத் தூங்க விடுங்க'ன்னார்."

முதல்ல எவனோ ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் எல்லாரும். எழுநூறு பேரு தம்பி, என் புருஷன் சவத்துக்கு முன்னாடி, என்னைப் பார்த்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. பெரியவர் தாடியைத் தடவிக்கிட்டே சிரிச்சார். அக்கா, வாழ்க்கையில பல்லைக் காட்டாதவ, அவகூட இவனைப் பார்த்து லேசாச் சிரிச்சா. சிரிச்சுட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டா, யாரோ எதையோ தலையில வைக்கப் போறாங்கங்கிற மாதிரி. பெரியவர் அப்படியே திரும்பினார். அஞ்சடி தூரம்தான் இருந்துது எனக்கும் மாலைக்கும். அஞ்சே அடி. திரும்பிப் போய் அவ தலையில வைச்சுட்டார்.

நான் என்ன சொல்லியும் யாரும் கேக்கலை. நான் வாயைத் திறந்தாலே சிரிப்பு. "பார்த்தியா, ராசா சொன்னது சரிதான்"னு. அன்னியிலிருந்து எனக்கு ஊர்ல "ஓயாத் துர்சா"ன்னு பேரு.

அக்கா போறப்போ என் பக்கத்துல ஒரு நிமிஷம் நின்னா. "துர்சா, என் பையனுக்குக் குளிர் வந்தா காது வலிக்கும். பூண்டுப் பல்லை எண்ணெயில காய்ச்சி ஊத்து. ரொம்பச் சூடா ஊத்திடாதே"ன்னா. நாலு வார்த்தைக்கு மேல அவ பேசி நான் கேட்டது அன்னிக்குத்தான். வெட்டினது அவ தம்பி. நல்ல திடமான ஆளு. அதுக்கப்புறம் அவன் ஊருக்குள்ள வர்றதில்லை, யார்கிட்டயும் பேசறதில்லை, மலை உச்சியில ஆடுங்களோட தனியா இருக்கான். அத்தனை பெருமையைத் தாங்க முடியலை போல.

நான் அழுதேன். ரொம்ப நாள் அழுதேன். அக்காவுக்காக அழறேன்னு ஊர்ல நினைச்சாங்க. அவமானத்துலதான் அழுதேன். வேற எதுக்கு?

அவ பையன் தாருஸுக்கு அப்போ எட்டு வயசு. நான்தான் வளர்த்தேன். இப்போ அவன்தான் ராசா. என்னை அம்மான்னுதான் கூப்பிடுவான். நல்ல பையன், ஆனா ஒரு குறை, கோழி அறுக்கிற இடத்துல நிக்க மாட்டான். ராசாவா இருந்துக்கிட்டு! முகம் வெளுத்துப் போயிடும். எல்லாரும் கிண்டல் பண்ணுவாங்க. யாராவது ஆரம்பிச்சா நான் பேச ஆரம்பிச்சுடுவேன், தன்னால நிறுத்திடுவாங்க.

இவனா? இவன் அன்னிக்கே கோட்டை வேலையை விட்டுட்டு எங்க அப்பா ஊருக்குப் போயிட்டான். வருஷா வருஷம் இலை உதிர்ற காலத்துல ஒரு மூட்டை செஸ்ட்நட், அதான் நெருப்புல சுட்டுத் திங்கிற காட்டுக் கொட்டை, கொண்டு வந்து என் வாசல்ல வைச்சுட்டுப் போவான். ஒரு வார்த்தை கிடையாது. மூட்டையை வைக்கிறது, போறது. நான் எல்லாத்தையும் பன்னிக்குப் போட்டேன். பதினாலு மூட்டை. எங்க வீட்டுப் பன்னி மாதிரி பன்னி இந்த மலையில எங்கேயும் கிடையாது.

இப்போ மட்டும் ஏன் ஒரே வண்டியிலன்னு கேக்கிறியா? எல்லாம் என் பொண்ணால. ரோலீனாவுக்குக் கல்யாணம். "மாமா வந்து கையைப் பிடிச்சுக் குடுத்தாத்தான் நான் போவேன், இல்லைன்னா இங்கேயே உட்கார்ந்திருப்பேன்"னுட்டா. பிடிவாதம். யார்கிட்டேயிருந்து வந்துதோ தெரியலை. தாய்மாமனை நேர்ல போய்த்தான் கூப்பிடணும், ஆள் அனுப்பக் கூடாது. போனேன். இவன் வீட்டு வாசல்ல ஒரு கழுதை கட்டியிருந்துது. அதுகிட்ட சொன்னேன், "இந்த வீட்டுக்காரரோட மருமகளுக்குக் கல்யாணம், வரச் சொல்லு"ன்னு. கதவு உடனே திறந்துது. புதுசா தைச்ச அங்கியை மாட்டிக்கிட்டு நிக்கிறான். யாரு இவனுக்கு முன்கூட்டியே சொன்னாங்களோ. மாட்டைப் பூட்டினான், ஏறி உட்கார்ந்தான். இப்போ வரைக்கும் அந்த முதுகைத்தான் பார்த்துக்கிட்டு வர்றேன்.

மாப்பிள்ளை யாரா? ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தலைவன். ஏற்கெனவே ஒருத்தி இருக்கா, இருந்தா என்ன? வயசு நாப்பத்தஞ்சு. சிரிச்ச முகம், நல்லாக் குதிரை ஏறுவான். என் பொண்ணுக்குப் பத்தொம்பது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் தம்பி. மாப்பிள்ளைக்கு எப்படியும் அவளுக்கு முன்னாடி காலம் முடியும். என் பொண்ணு என்னை மாதிரி வாயாடி இல்லை, அழகா, அமைதியா இருப்பா. அவளைத்தான் அவன் உயிரா வைச்சுக்குவான். அன்னிக்குச் சபை கூடும், மாலை வரும், அஞ்சடி தூரத்துல திரும்பிப் போகாது. எனக்குக் கிடைக்காதது என் பொண்ணுக்குக் கிடைக்கும். அதை நினைச்சாத்தான் எனக்கு...

ஏன் வண்டி நின்னுடுச்சு? மாட்டுக்கு என்ன ஆச்சுன்னு அவனைக் கேளு தம்பி.

மாட்டுக்கு ஒண்ணும் இல்லையா? அப்போ ஏன் இறங்கறான்? இங்கதான் வர்றான். என் பக்கம்தான் வர்றான். தம்பி, நீ கொஞ்சம் நடுவுல உட்காரு.

என்னவாம்? ரோலீனாவுக்குக் கத்தி யார் பிடிப்பாங்கன்னு கேக்கிறானா? இது ஒரு கேள்வியா? முறை தெரியாதா இவனுக்கு? பொறந்த வீட்டு ஆம்பளை பிடிப்பான். ரொம்ப நெருங்கின சொந்தம். என் பொண்ணுக்குப் பொறந்த வீட்டுல ஆம்பளை யாரு, அவ அண்ணன்தான்.

தாருஸ்தான்.

தாருஸ்...

இல்லை. அவன் எப்படி? கோழிக்கே அவன்... அவன் அம்மா போறதை எட்டு வயசுல நின்னு பார்த்தவன். நான்தான் அவன் கண்ணைப் பொத்தினேன், விரல் இடுக்கு வழியாப் பார்த்துட்டான். ரோலீனான்னா அவனுக்கு உயிரு. சின்ன வயசுல ரெண்டும் ஒரே போர்வையிலதான் தூங்கும். அவன் கையில...

என்ன சொல்றான்? மூணு நாளு தீட்டியும் அவன் கையில அந்தக் கத்தி நிக்கவே இல்லைங்கிறானா?

இரு தம்பி. கொஞ்ச நேரம் என்கிட்ட பேசாதே.

*

அந்தத் தண்ணியை எடு. ஒண்ணும் இல்லை, தூசி. இந்தப் பாதையில எப்பவும் தூசிதான்.

தம்பி, அவன்கிட்ட ஒண்ணு கேளு. ராசா தோள்ல கிடந்தப்போ நிஜமாவே அப்படிச் சொன்னாரான்னு கேளு. என்னைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்துக் கேளு.

தலையாட்டுறான். இல்லையாம். விழுந்ததுல இருந்து ராசா வாயே திறக்கலையாம். அப்போ அத்தனையும் நீயாச் சொன்னியா? செத்தவர் முன்னாடி நின்னு, எழுநூறு பேருக்கு நடுவுல, ராசா பேச்சுன்னு பொய்யா சொன்னே? உன் தலையில இடி விழுந்திருக்கணுமே!

கேட்டியா தம்பி? விழட்டும்னுதான் நின்னானாம்.

ஐயோ, நான் அவன்கிட்டயே பேசிட்டேனா? பேசிட்டேன் போல. போகட்டும்.

பதினாலு வருஷம்! ஒரு நாள், மூட்டையை வைக்க வந்தப்போ ஒரு நாள், காதோட காதா என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? என்ன, சொல்லியிருந்தா நான் சாயங்காலத்துக்குள்ள ஊர் பூராச் சொல்லியிருப்பேனா? அப்புறம் பெரியவங்க உன்னைத் தொங்க விட்டிருப்பாங்களா?

அது என்னவோ நிஜம்தான். சொல்லியிருப்பேன். தம்பி, நீ இப்போ கேட்டது எதையும் கோட்டையில மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சுதா? உன் எண்ணெய் மொத்தத்தையும் நானே வாங்கிக்கிறேன்.

அப்போ அக்கா? அக்கா அன்னிக்கு உன்னைப் பார்த்துச் சிரிச்சாளே. அவளுக்குத் தெரிஞ்சு போச்சு, இல்லையா? நீ சொன்னது பொய்யின்னு அந்த இடத்துலயே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அவ "பொய்"யின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும், மாலை என்கிட்ட வந்திருக்கும். நாலு வார்த்தை பேசுறவ, அந்த ஒரு வார்த்தையைப் பேசாமப் போயிட்டா. போறப்போ பூண்டு எண்ணெயைப் பத்திப் பேசினா.

நான் அவளுக்காகத்தான் அழுதேன் தம்பி. முன்னாடி நான் வேற மாதிரி சொன்னேன். அவளுக்காகத்தான்.

மலை உச்சியில அவ தம்பி இருக்கான்னு சொன்னேனில்ல. மாசாமாசம் அவனுக்கு மாவு மூட்டை தூக்கிட்டுப் போறது யாருன்னு நாங்க எல்லாரும் பேசிக்குவோம். இவனாம். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்க மாட்டாங்களாம். பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஆட்டைப் பார்த்துட்டு வந்துடுவானாம். ஆம்பளைங்க.

சரி. இப்போ என்ன பண்றது? கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கு. மாப்பிள்ளை நல்லவன்தான், பொண்ணுக்கும் பிடிச்சிருக்கு, அதை நிறுத்த முடியாது. ஆனா தாய்மாமன்னு ஒருத்தன் கையைப் பிடிச்சுக் குடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாக்குக் கேக்கலாம். எது கேட்டாலும் மாப்பிள்ளை வீடு மறுக்கக் கூடாது. முறை அப்படி. மத்தவங்க எல்லாம் குதிரை கேப்பாங்க, நிலம் கேப்பாங்க. நீ கேளு, "எங்க பொண்ணை எந்தக் காலத்துலயும் சமாதி மேட்டுக்குக் கூப்பிடக் கூடாது"ன்னு. பெரியவங்களை வைச்சுச் சத்தியம் வாங்கு.

என்ன தம்பி பார்க்கிறே? அவளுக்கு அவமானமாயிடாதான்னா? ஆகட்டும். நான் பதினாலு வருஷம் அவமானத்தோட இருந்தேன். தேன் சாப்பிட்டேன், பன்னி வளர்த்தேன், தாருஸ் காதுக்கு எண்ணெய் ஊத்தினேன், என் பொண்ணுக்குத் தலை பின்னினேன். ஒரு குறையும் வரலை. அவளும் இருந்துட்டுப் போகட்டும், அறுபது வருஷம், எழுபது வருஷம். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்.

அண்ணே.

அண்ணே, உன்னைத்தான். ஏன் அப்படி முழிக்கிறே? வண்டியை வலது பக்கம் திருப்பு. கோட்டைக்கு அப்புறம் போகலாம். முதல்ல ஆத்துக்கு அந்தப் பக்கம், மாப்பிள்ளை வீட்டுக்கு. இன்னிக்கே பேசிடணும், நாளைக்கு வைச்சா நான் யார்கிட்டயாவது உளறிடுவேன்.

தம்பி, நீ இங்க இறங்கிக்கோ. கோட்டை தூரமில்லை, அந்த ஏத்தத்தைத் தாண்டினா தெரியும். வாசல்ல துர்சா அம்மா அனுப்பினாங்கன்னு சொல்லு, சாப்பாடு போடுவாங்க. கோவிச்சுக்காதே, உன்னை ஆத்துப் பக்கம் வரைக்கும் கூட்டிட்டுப் போகலாம்தான். ஆனா நான் முன்னால போய் உட்காரணும். பதினாலு வருஷத்துச் சேதி அப்படியே கிடக்கு, ஒண்ணையும் இவனுக்கு இன்னும் சொல்லலை.

கொஞ்சம் நகரு அண்ணே.